கிழக்குச் சுவரில் எண்பத்தொரு துண்டுகள்

ரிஜிஃபோம் என்கிற அந்த லேசான நுரைப் பலகையை த்ரீவீலில் கொண்டுவருவதென்றால் ஆள் மூன்று பேர் வேண்டும். ஒருவர் ஓட்ட, ஒருவர் பலகையைப் பிடிக்க, ஒருவர் பலகை பிடிக்கிறவரைப் பிடிக்க. உங்களில் யாராவது வீட்டில் இப்படி ஒரு சுவர் செய்வதாக இருந்தால் உதவும் என்றுதான் இதை முதலில் சொல்கிறேன். இனிச் சொல்லப்போவது அந்தளவுக்கு உதவாது.

போன சனிக்கிழமை, இதே மாதிரி நீங்கள் எல்லோரும் இங்கே வந்திருந்தபோது, பர்ஹானா கேட்டாள். "அபீபா மாமி, இந்தப் போர்வை போன மழைக்கும் இப்பிடியே சுவரில ஒட்டிக்கொண்டு நிண்டிச்சே, இன்னும் தைக்கல்லயா?" நான் தேயிலை ஊற்றப் போகிறேன் என்று எழும்பிப் போய்விட்டேன். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் எழும்பிப் போகிற ஆட்களை எனக்கே பிடிக்காது. அதனால் இன்று சொல்கிறேன். ஒழுங்காகச் சொன்னால் என்னை யாரும் பிழையாக நினைக்கமாட்டீர்கள். கதிரைகளை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள் பிள்ளைகளே. பருப்பு இப்போதுதான் கொதிக்கிறது. அஸர் தொழுகைக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

இந்த வீடு என் நானாவின் வீடு. நானா என்றால் அண்ணன். அவர் மௌத்தாகி ஐந்து வருஷம். என் புருஷன் அதற்கும் முந்தி. ஆகவே இங்கே இருப்பது நானும் நானாவின் மனைவி அனீஸா மச்சியும் மட்டும். நானும் அவரும் ஒருவரையொருவர் மச்சி என்றுதான் கூப்பிடுவோம். மச்சியை உங்களுக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேருக்கு அவர்தான் கணக்குப் படிப்பித்தார். எங்கள் ஊர் அக்குறணைக் கடைகளில் இப்போது கல்லாவில் இருக்கிற ஆம்பிளைகளில் பலபேர் மச்சியைக் கண்டால் இன்னும் எழும்பி நிற்பார்கள். அவருடைய மகள் றிப்தா கட்டாரில், புருஷனோடும் ஐந்து பிள்ளைகளோடும்.

றிப்தா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஃபோன் எடுப்பாள். "உம்மா, எப்ப வாறீங்க? ரூம் ரெடி." மச்சி ஒருநாள் சொன்னார், "உனக்கு ஒரு ஒட்டுப்போர்வை தைக்கிறன் மகள். அத முடிச்சு, கையோட கொண்டு வாறன்." நான் பக்கத்தில் இருந்து அவரைக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தேன். போர்வை முடிந்தால் மச்சி போவார். அவ்வளவுதான் விஷயம். அதில் எனக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. நான் தனியாக இருக்கப் பயந்த ஆள் கிடையாது. கட்டாரில் ஏசி குளிர் மச்சியின் நெஞ்சுக்கு ஆகாதே என்று ஒரு எண்ணம் வந்தது, அது உண்மை.

ஒட்டுப்போர்வையை நிலத்தில் விரித்துப் பார்த்து ஒழுங்குபண்ண மச்சியின் எழுபத்திரண்டு வயது முதுகு விடாது. கட்டிலில் விரித்தால் படுக்க இடமில்லை. சுவரில் மெத்தென்ற துணி போர்த்திய பலகை ஒன்று இருந்தால், வெட்டின துண்டை அதில் வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், ஊசி வேண்டாம், ஒட்டிக்கொள்ளும். பிடிக்கவில்லையா, உரித்து வேறு இடத்தில் வைக்கலாம். இதை மச்சி ஃபோனில் ஒரு வெள்ளைக்காரி செய்யப் பார்த்தார். அடுத்தநாளே இரண்டுபேரும் கண்டிக்குப் போனோம்.

துணிக்கடையில் மச்சி எட்டு யார், அதாவது எட்டு கெஜம், வெள்ளை ஃபிளனல் கேட்டார். பிறந்த பிள்ளையைச் சுற்றுகிற அதே ஃபிளனல்தான். அந்த மெல்லிய பஞ்சுதான் துண்டைப் பிடிக்கும். கடையில் நின்ற பெண்பிள்ளை எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"எட்டு யாரா? எத்தின புள்ள பொறந்தீக்கு உம்மா?"

"ஒண்டுதான்," என்றார் மச்சி. "கொஞ்சம் பெரிசு. ஆறடி."

ஹார்ட்வெயார் கடையில் ஆறடி நீளம், மூன்றடி அகலத்தில் இரண்டு ரிஜிஃபோம். மஹய்யாவையைச் சேர்ந்த யுகேஷ்தான் த்ரீவீல்காரப் பொடியன். பலகையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். "அம்மா, இத உள்ள வச்சா நீங்க ரெண்டு பேரும் எங்க உக்காருவீங்க? உங்கள மேல கட்டிட்டு இத உள்ள வச்சுக்கிட்டுப் போகவா?" கடைசியில் பலகை குறுக்கே, நாங்கள் அதற்கு இரண்டு பக்கமும். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் காற்று வந்து பலகையைத் தூக்கியபோது நான் பலகையை விட்டுவிட்டு மச்சியின் கையைப் பிடித்தேன். மச்சி பலகையை விடவில்லை. "என்ன எதுக்குப் புடிக்கிறீங்க, பலகயப் புடிங்க!" என்று கத்தினார். அந்த நேரம் எது முதலில் கையில் வந்ததோ அதைப் பிடித்தேன். அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை.

எந்தச் சுவரில் மாட்டுவது என்று ஒரு பேச்சு வந்தது. ஹோலில் நல்ல வெளிச்சம் விழுவது மேற்குச் சுவரில். ஆனால் அதுதான் தொழும்போது முகம் பார்க்கிற கிப்லாப் பக்கம். தொழுகிற ஆளுக்கு முன்னால் பூவும் நிறமுமாக ஒன்று இருந்தால் கவனம் சிதறும். அந்தச் சுவரோடு நிற்கிற கண்ணாடி அலுமாரிக்குக்கூட மச்சி ஒரு திரை தைத்துப் போட்டிருந்தார், தொழும்போது கண்ணாடியில் ஒன்றும் தெரியக்கூடாதென்று. "அப்ப கிழக்குச் சுவரில போடுவோம் மச்சி, தொழக்குள்ள முதுகுக்குப் பின்னால ஈக்கும்," என்று சொன்னது நான். அந்த நேரம் என் மனதில் ஒரு கள்ளமும் இருக்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஃபிளனலை நடுவில் மெஷின் ஒட்டுப் போட்டு, பலகையில் இழுத்துச் சுற்றி, பின்பக்கம் ஸ்டேப்ளரால் அடித்தோம். ஒரு சுருக்கம் இருக்கக்கூடாது. மச்சி மூன்றுதரம் கழற்றிக் கழற்றி அடிப்பித்தார்.

மச்சியின் போர்வையும் கணக்குத்தான். ஒன்பது நிறம். ஒன்பது வரிசை, ஒன்பது நிரல், எண்பத்தொரு துண்டு. ஒரு நிறம் ஒரு வரிசையில் ஒருதரம்தான் வரலாம், மேலிருந்து கீழே போகிற நிரலிலும் ஒருதரம்தான். கட்பீஸ் மூட்டையில் பொறுக்கின துணியாதலால் இரண்டு பச்சை அக்காவும் தங்கையும் மாதிரி. ஒன்று குரும்பட்டிப் பச்சை, மற்றது பாசிப் பச்சை. அதோடு மச்சிக்கு இன்னொரு சட்டமும் இருந்தது. முழுதும் சரியாக வைத்தபிறகு, ஒரு துண்டும் மாறாமல் மூன்று நாள் சுவரில் நிற்கவேண்டும். மூன்று நாளும் போகவர அவர் கண் அதை ஏற்றுக்கொள்ளவேண்டும். அதற்குப் பிறகுதான் தையல். இடையில் ஒரு பிழை கண்டால் திரும்ப முதல்நாள்.

எண்பத்தொன்றும் சரியாக நின்ற இரண்டாம்நாள் நான் ஒட்டடை அடித்தேன். தும்புத்தடி பட்டு இரண்டு துண்டு விழுந்தது, அந்த இரண்டு பச்சையும். எடுத்து வைத்தேன். இடம் மாறிப்போயிற்று. அல்லாஹ் அறிய அது தெரியாமல் நடந்தது. வரிசையில் ஒன்பது நிறமும் சரியாக இருக்கும், நிரலில்தான் பிழை. மச்சிக்கு அதைக் கண்டுபிடிக்க ஒன்றரை நாள் போயிற்று. அன்று வெள்ளிக்கிழமை. றிப்தாவிடம், "இன்னும் முடியல்ல மகள், ஒரு பிழை வந்திட்டு," என்றார். அன்று நான் ஆக்கின மீன் ஆணத்துக்கு உப்பு அளவாக விழுந்தது. பல மாதமாக அப்படி விழுந்ததில்லை.

அடுத்த மூன்றாம்நாள் நான் தெரிந்து மாற்றினேன்.

எப்படி என்றும் சொல்கிறேன். இந்த வீட்டில் ஒருவர் தொழுதால் மற்றவர் அடுப்பைப் பார்ப்பது வழக்கம். மச்சி முதலில், பிறகு நான். பகலில் லுஹரும் பின்னேரம் அஸரும் நாலு ரக்அத், ஐந்தாறு நிமிஷம் போகும். தக்பீர் கட்டித் தொழத் தொடங்கின ஆள் திரும்பிப் பார்க்கமாட்டார், பேசமாட்டார். சுவர் முதுகுக்குப் பின்னால். நான் குசினியிலிருந்து பன்னிரண்டு எட்டு. வெறுங்காலோடு வந்து, இரண்டு துண்டை உரித்து, மாற்றி, தட்டாமல் அழுத்தி, திரும்பவும் பன்னிரண்டு எட்டு. தட்டினால் சத்தம் கேட்கும், அதனால்தான் அழுத்துவது. அவர் தொழுது முடித்து ஸலாம் கொடுக்கும்போது நான் அகப்பையோடு நிற்பேன். பிறகு என் முறை. கைகால் முகம் கழுவி வுழூச் செய்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு, பணிவாகத் தொழுவேன். தொழுகையை ஒருநாளும் தப்பவிட்டதில்லை.

நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். "மச்சி, இதத் தொட்டீங்களா?" என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. தன்னைத்தான் சந்தேகப்பட்டார்.

முதலில் கொப்பியில் படம் கீறி ஒவ்வொரு கட்டத்திலும் நிறத்தை எழுதினார். பென்சிலில் எழுதினார். பென்சில் எழுத்தை அழிக்கலாம். பிறகு ஃபோனில் படம் எடுத்தார். எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாவிட்டாலும் குப்பைக்கூடை எது என்று தெரியும். பழைய படத்தை அதில் போட்டுவிட்டு, மாற்றினபிறகு புதிதாக ஒரு படம் எடுத்து வைத்தேன். மச்சி ஃபோனையும் கொப்பியையும் சுவரையும் பார்த்தார். மூன்றும் ஒன்றுபோல இருந்தது. மூன்றும் பிழை. கதிரையில் உட்கார்ந்து, "அப்ப நான்தான் பிழையா வெச்சீக்கிறன்," என்றார். நான் தேயிலை கொண்டுவந்து கொடுத்தேன். சீனி கூடுதலாகப் போட்டேன்.

இப்படிப் போன மூன்று கிழமையும் மச்சி ஒரு மாதிரித்தான் இருந்தார். பாத்திரம் கழுவும்போது பதினேழாம் வாய்ப்பாடு சொல்வார். பேரப் பிள்ளைகளின் பெயரை விரலில் எண்ணுவார். ஐந்தும் வந்ததும் ஒரு மூச்சு விடுவார். உள்ளங்கையில் 'கேஸ் மூடின' என்று பேனையால் எழுதி வைப்பார். ஒருநாள் டியூஷனுக்கு வந்த இரண்டு பெண்பிள்ளைகளையும் வாசலிலேயே நிறுத்தி, "இனி வேற ஆள்கிட்டப் போங்க மகள். நான் பிழையாச் சொல்லிக் குடுத்திருவன்," என்று அனுப்பிவிட்டார். முப்பத்துநாலு வருஷம் கணக்குப் படிப்பித்த ஆள். கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்சநேரம் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அதனால் அன்றே சந்தைக்கு, பொலக்குப் போய் வல்லாரை இரண்டு கட்டு வாங்கிவந்து சம்பல் போட்டேன். ஞாபகசக்திக்கு அதைவிட நல்ல கீரை கிடையாது. "சாப்பிடுங்க மச்சி, மூளைக்கு நல்லம்," என்று நானே பிசைந்து வைத்தேன். அடுத்தநாள் லுஹருக்கு ஒரு மஞ்சளையும் ஒரு செம்மஞ்சளையும் மாற்றினேன்.

மச்சி பயந்து றிப்தாவிடம் சொல்லியிருக்கிறார். றிப்தா கட்டாரிலிருந்தே கண்டியில் ஒரு டொக்டருக்கு நேரம் எடுத்துவிட்டாள். யுகேஷ்தான் கூட்டிப்போனான். டொக்டர் மணிக்கூடு ஒன்று கீறச் சொன்னார். மச்சி நிமிஷக் கோடு அறுபதும் போட்டுக் கீறினார். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். மச்சி நிற்காமல் இறங்கி இரண்டில் வந்து நின்று, "இனிக் கழிச்சா சைபருக்குக் கீழ மறைப்பெறுமானம் வரும் டொக்டர், போகவா?" என்று கேட்டார். டொக்டர் சிரித்துவிட்டார். பிறகு மூன்று சொல் சொல்லி, கொஞ்சநேரம் கழித்துத் திரும்பச் சொல்லவேண்டும் என்றார். மாம்பழம், குடை, மூன்றாவது ஏதோ ஒன்று. மச்சி மூன்றையும் சொன்னார்.

"இவங்களுக்கு ஒன்றும் இருக்கிற மாதிரித் தெரியல்லையே," என்றார் டொக்டர்.

அப்போது நான் வாய் திறந்தேன். "இங்க நல்லா ஈக்கிறாங்க டொக்டர். வீட்டிலதான் வேற மாதிரி."

சொல்லிவிட்டு மச்சியின் தோளைத் தடவிக்கொடுத்தேன். டொக்டர் விட்டமின் எழுதிக்கொடுத்து, ஆறு மாதத்தில் திரும்ப வரச் சொன்னார். "தனிய விடாதீங்க," என்றும் சொன்னார். அதைக் கேட்டு எனக்கு நல்ல ஆறுதலாக இருந்தது. நான்தான் இருக்கிறேனே.

நோன்பு வந்தது. நோன்புக்கு முந்தி வீடு கழுவுவோம், உங்களுக்குத் தெரியும். நான் கண்ணாடி அலுமாரியின் திரையைக் கழற்றித் தோய்த்துவிட்டு, கண்ணாடியைப் பழைய பேப்பரால் பளபளவென்று துடைத்தேன். திரை மழைக்கு மூன்றுநாள் காயவில்லை. பிறகு மடித்து எங்கேயோ வைத்துவிட்டேன். இந்த விஷயத்தில் கண்டிப்பான மச்சி, திரை எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவும் மறதியாக்கும் என்று நினைத்துப் பரிதாபப்பட்டேன்.

அந்த நோன்பில்தான் எனக்கு ஒரு விசித்திரம் நடந்தது. லுஹருக்கு நான் மாற்றிய இரண்டு துண்டு, நான் தொழுது முடித்து வந்து பார்த்தால் பழைய இடத்திலேயே நிற்கும். மாற்றினேனா, மாற்ற நினைத்தேனா? அடுத்தநாள் விரலில் நூல் கட்டிக்கொண்டு மாற்றினேன். தொழுதுவிட்டு வந்தால் அந்த இரண்டும் சரியாக இருந்தது, நான் தொடாத ஊதா ஒன்று இடம் மாறியிருந்தது. ஊதாவை நான் தொட்டேனா? அறவே நினைவில்லை. மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. காற்றுத்தான் என்று முடிவுசெய்தேன். ஆனாலும் அன்றுமுதல் நோன்புக் கஞ்சியோடு வல்லாரைச் சம்பலை நானும் சாப்பிடத் தொடங்கினேன். முதலில் ஒரு கரண்டி, பிறகு மூன்று. மச்சி தன் பங்கையும் என் கோப்பையில் தள்ளுவார். "சாப்பிடுங்க மச்சி, மூளைக்கு நல்லம்," என்பார். நல்ல மனம் என்று நினைத்தேன்.

பெருநாள் கழிந்து நாலாம்நாள் றிப்தா வந்து இறங்கினாள், கையில் இரண்டு டிக்கெட். ஒன்று அவளுக்கு, ஒன்று உம்மாவுக்கு. டொக்டர் "தனிய விடாதீங்க" என்று சொன்னதை அவள் வேறுமாதிரி எடுத்திருக்கிறாள். என் பெயர் அந்தக் கணக்கில் இல்லை.

"போர்வை கெடக்கட்டும் உம்மா. துண்டெல்லாம் பேக்கில போட்டுக்கொண்டு போவோம். அங்க போய்த் தைங்க. தைக்காட்டியும் பரவாயில்ல. நீங்க வந்தாப் போதும்."

சொல்லிக்கொண்டே சுவரிலிருந்து துண்டுகளை உரிக்கத் தொடங்கினாள். மேல் வரிசையிலிருந்து, ஒவ்வொன்றாக. துண்டு போன இடத்தில் ஃபிளனலில் நிற நூல் நாலைந்து ஒட்டிக்கொண்டு நின்றது. மச்சி சோபாவில் உட்கார்ந்து வெள்ளைப்பூடு உரித்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. இரண்டு வரிசை போயிற்று. மூன்றாவதில் அந்த இரண்டு பச்சையும் போயிற்று.

நான் இரண்டு பக்கமும் யோசித்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் மச்சி நோயாளியாகக் கட்டாருக்குப் போவார். வாயைத் திறந்தால் மச்சிக்கு நோயில்லை என்று ஆகும். ஆனால் இப்படி ஒரு பொம்பிளையோடு எந்த மகள் உம்மாவை விட்டுப்போவாள்? எந்தப் பக்கம் பார்த்தாலும் மச்சி போகத்தான் போகிறார். ஆனால் ஒரு பக்கத்தில், போகும்போது விரலில் பேரப் பிள்ளைகளை எண்ணிக்கொண்டு போவார்.

"றிப்தா, நிப்பாட்டு," என்றேன். "உம்மாட மூளைக்கு ஒண்டுமில்ல. மாத்தினது நான்."

எல்லாவற்றையும் சொன்னேன். தொழுகை நேரம், பென்சில், குப்பைக்கூடை, டொக்டர். இப்போது உங்களுக்குச் சொன்ன அதே ஒழுங்கில்தான். றிப்தாவின் கையில் பாதி உரித்த துண்டு ஒன்று அப்படியே நின்றது.

"மாமி, நான் அங்க எத்தின நாள் அழுதீக்கிறன் தெரியுமா? உம்மாக்கு என்ட பேரும் மறந்து போற நாள் எப்ப வருமோ எண்டு..." மூக்கை உறிஞ்சினாள். "ஏன் மாமி? ஏன் செஞ்சீங்க?"

"போர்வைட நன்மைக்குத்தான்," என்றேன். "அவசரமாத் தச்சாப் போர்வை அழகா வராது."

அவள் மச்சியின் பக்கம் திரும்பினாள். "உம்மா, கேட்டுக்கொண்டா ஈக்கிறீங்க?"

"எனக்குத் தெரியும்," என்றார் மச்சி. வெள்ளைப்பூட்டுத் தோலை ஊதிவிட்டார். "நோன்பு ரெண்டிலேருந்து தெரியும். மச்சி அலுமாரிக் கண்ணாடியத் துடச்சாங்களே, அதுக்குப் பொறகு ஒருநாள் லுஹர் தொழக் கட்டினன். முன்னால கண்ணாடியில பின் சுவரு தெளிவாத் தெரியுது. மச்சி கோழி மாதிரிப் பதுங்கிப் பதுங்கி வாறாங்க. தொழக்குள்ள பார்வை போகக்கூடாதுதான். அல்லாஹ் மன்னிக்கணும், போயிட்டு."



"நீங்க தொழக்குள்ள மூக்குக் கண்ணாடியக் கழட்டிருவீங்க. உங்களுக்கு அலுமாரியே தெரியாது," என்றார் என்னைப் பார்த்து. "அப்ப நான் வந்து திருப்பி வெச்ச. சில நாளைக்கு ஊதாவயும் மாத்தின. மூணு கிழம என்ன வாய்ப்பாடு சொல்ல வெச்சீங்க மச்சி. அதுக்குத்தான் உங்களுக்கு நோன்பு முப்பதும் வல்லாரை."

"ஊதா நீங்களா?" என்றேன். இதைக் கேட்டதும் என் நெஞ்சிலிருந்து ஒரு மாதப் பாரம் இறங்கியது. பாரம் இறங்கினபிறகுதான் வெட்கம் வந்தது.

"டொக்டர் சொன்ன மூணாவது சொல் சாவி," என்றார் மச்சி. "உங்களுக்குத்தான் மறந்திட்டு."

றிப்தா துண்டுகளை மேசையில் போட்டாள். "தெரிஞ்சா ஏன் உம்மா எனக்குச் சொல்லல்ல? வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழம 'இன்னும் முடியல்ல, இன்னும் முடியல்ல' எண்டு மட்டும் சொன்னீங்களே? மாமிய நிப்பாட்டி இருக்கலாமே. திரையக்கூடத் திரும்பப் போடல்லயே?"

மச்சி எழும்பிப் போய்ச் சுவரின் முன்னால் நின்றார். மேலே இரண்டு வரிசை வெறும் வெள்ளை. கீழே மிச்சம் அறுபது சொச்சம் துண்டு.

"எனக்குத் தொழக்குள்ளேயும் ஒரு யோசனை," என்றார், சுவரைப் பார்த்தபடியே. "மச்சிக்கு முழங்கால் வலி. பன்னெண்டு எட்டு வந்து திரும்பிப் போகணுமே. நேரம் காணாது எண்டு, நெத்திய நெலத்தில வெச்ச ஸுஜூத நான் கொஞ்சம் நீட்டிப் போட்ட."

 

றிப்தா தன் உம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அப்படியே சோபாவில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளாக்கும் என்று கிட்டப் போனேன். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள். கண்ணிலும் தண்ணீர் இருந்தது. எது முந்தி வந்ததென்று எனக்குத் தெரியாது.

"துண்டெல்லாம் கலங்கிப் போச்சு மகள்," என்றார் மச்சி, மெதுவாக. "திரும்ப அடுக்கி, மூணு நாள் பாத்து, தச்சு முடிச்சிட்டுக் கையோட கொண்டு வாறன். சொன்ன சொல் சொன்னதுதானே."

"சரி உம்மா," என்றாள் றிப்தா. "முடிஞ்ச அண்டைக்கு ஃபோன் எடுத்துச் சொல்லுங்க." போகிற அன்று என்னைக் கட்டிப் பிடித்து ஸலாம் சொல்லிவிட்டு, காதுக்குள், "மாமி, இனிமே டொக்டர்கிட்ட மட்டும் வாய் தொறக்க வேணாம்," என்றாள். இரண்டு டிக்கெட்டில் ஒன்று இன்னும் அந்த அலுமாரிக்குள்தான் இருக்கிறது, நல்ல கோப்பைகளுக்குப் பக்கத்தில். திரையை மச்சியே தேடியெடுத்துத் திரும்பப் போட்டுவிட்டார். இப்போது தொழும்போது அவருக்கு ஒன்றும் தெரியாது. டியூஷன் பிள்ளைகள் இரண்டும் திரும்ப வருகிறார்கள்.

நான் அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுத் தவ்பாச் செய்துவிட்டேன். செய்தது பெரிய பிழை. ஒரு நல்ல மனுசியை அவருடைய தலைக்கு அவரையே பயப்பட வைத்தேன். கையெழுத்து வேண்டுமென்றால் போட்டுத்தருகிறேன். காரணத்தில் மட்டும் என்னிடம் பிழை இல்லை. எனக்கென்று அதில் ஒன்றும் நான் தேடவில்லை. மச்சி இங்கே இருக்க விரும்புகிறாரா என்று நான் இன்றுவரை கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை.

பர்ஹானா, இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். எண்பத்தொன்றும் சரியாக நின்று இன்றைக்கு மூன்றாம்நாள். நீங்களே எண்ணிப் பாருங்கள். நாளைக் காலையில் மெஷினைத் திறக்கவேண்டியதுதான்.

அதோ அஸருக்குப் பாங்கு சொல்கிறது. மச்சி வுழூச் செய்ய எழும்பிவிட்டார். இன்று காலையிலிருந்து இரண்டுதரம் என்னிடம் சொல்லிவிட்டார், இடுப்புப் பிடித்திருக்கிறதாம், ஸுஜூதிலிருந்து எழும்ப இன்றைக்குக் கொஞ்சம் சுணங்குமாம்.

நாலாவது வரிசையில் அந்தப் பாசிப் பச்சை எனக்கு இன்னும் கண்ணில் குத்துகிறது. வேறொன்றுக்கும் அல்ல, போர்வையின் நன்மைக்குத்தான். ஒரு நிமிஷம், பிள்ளைகளே. அடுப்பைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.